சிறிய விமானத்தின் கேபினைப் பாதுகாப்பாகச் சூடாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் நின்று பார்த்தால் விமானத்துக்குள் ஹீட்டர் எதற்கு என்றுதான் தோன்றும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும் என்பது கணக்கு. தரையில் 30 டிகிரி இருக்கும் நாளில் 10,000 அடிக்குப் போனாலும் வெளியே 10 டிகிரி இருக்கும். ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் நம் மாவட்டத்திலிருந்து குளிர் நாடுகளுக்குப் போய்க் குடியேறியவர்களில், பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி வீட்டு கராஜிலேயே சொந்தமாக விமானம் கட்டுபவர்களும் உண்டு. கனடாவில் இருக்கும் என் அக்கா மகன் அப்படி ஒருவன். குளிர்காலத்தில் அவனுக்குத் தரையிலேயே மைனஸ் 20. "மாமா, விரல் விறைச்சுப் போனா ரேடியோ பட்டனைக்கூட அமுக்க முடியல" என்றான். விடுப்பில் ஊருக்கு வந்தபோது, ஹீட்டர் பாகங்களை இங்கேயே பட்டறையில் செய்து எடுத்துப்போகலாமா என்று கேட்டான்.

சிலதைச் செய்யலாம், சிலதைத் தொடவே கூடாது. விமான என்ஜின் பராமரிப்பில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து அவனுக்குச் சொன்னவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது, ஆபத்து எங்கிருந்து வருகிறது

ஒற்றை என்ஜின் உள்ள சிறிய விமானங்களில் பெரும்பாலும் தனி ஹீட்டர் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயையோ சைலன்சரையோ சுற்றி ஒரு தகட்டு உறை போடுவார்கள். ஹீட் மஃப் என்று அதற்குப் பெயர். வெளிக்காற்று அந்த இடைவெளியில் ஓடிச் சூடாகி ஹோஸ் வழியாக கேபினுக்குள் வரும். எளிமையான, எடை குறைந்த ஏற்பாடு. எரிபொருள் எரிந்து வீணாகப் போகும் சூட்டையே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் உள்ளே ஓடும் எக்ஸாஸ்ட் புகைக்கும் நீங்கள் மூச்சிழுக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள குழாய்ச் சுவர் மட்டும். அதில் முடி போல ஒரு விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக கேபினுக்கு வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்ளும். மேலே போகப் போக ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு என்பதால், தரையில் லேசான தலைவலி தரும் அளவு உயரத்தில் தீர்மானிக்கும் திறனையே கெடுத்துவிடும்.

2019 ஜனவரி 21 அன்று பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் பறந்த பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதில் பயணித்தவர் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா. தூத்தூர், வள்ளவிளை பக்கம் பந்து விளையாடும் பிள்ளைகள்கூட அந்தப் பெயரை அறிவார்கள். அவர் உடலைப் பரிசோதித்ததில் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது. 50 சதவீதத்துக்கு மேல் போனாலே பொதுவாக உயிருக்கு ஆபத்து. விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அது தொழிற்சாலையில் கட்டி, விதிப்படி பராமரிக்க வேண்டிய விமானம். அதிலேயே இப்படி என்றால், நாமே வெட்டி ஒட்டிக் கட்டும் விமானத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல்மாட்டி ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறதே, அதைக் கொண்டுபோகலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்த வேலைக்கு அதை நம்பாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கும் நிலையிலும் 98 என்று காட்டும்.

படி 1: சூடாக்கும் முன் குளிரை நிறுத்துங்கள்

சொந்தமாகக் கட்டிய விமானங்களில் குளிருக்குப் பாதிக் காரணம் ஹீட்டர் போதாமை இல்லை, ஓட்டைகள்தான். இறக்கை உடம்போடு சேரும் இடம், கன்ட்ரோல் கம்பிகள் நுழையும் துளைகள், கேனபி எனும் கண்ணாடி மூடியின் விளிம்பு, இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பின் கம்பி வழி என்று எல்லா இடத்திலும் காற்று நுழையும்.

இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது சாதாரணம். அப்போது வயிற்றுப் பகுதியை ஒட்டிப் பின்னால் போகும் எக்ஸாஸ்ட் புகையைக் கேபின் உறிஞ்சும். சில விமானங்களில் வால் பகுதிக்குள் நுழைந்த காற்று பின்னாலிருந்து முன்னால் ஓடிவந்து விமானியின் முதுகில் அடிக்கும். ஹீட்டரே இல்லாத விமானத்திலும் கார்பன் மோனாக்சைடு காட்டுவது இதனால்தான். ஆகவே ஓட்டையை அடைப்பது கதகதப்புக்கும் உயிருக்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

கண்டுபிடிக்க எளிய வழி: இரவில் ஹேங்கரை இருட்டாக்கி, கேபினுக்குள் பிரகாசமான எல்இடி விளக்கை வைத்துவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். அப்புறம் விளக்கை என்ஜின் பக்கம் வைத்து, உள்ளே உட்கார்ந்து, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலைப் பாருங்கள். அங்கே ஓர் ஊசிமுனை ஒளி தெரிந்தாலும் விடக்கூடாது. ஊதுவத்தி கொளுத்திப் புகை போகும் வழியைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெட்ரோல் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் அது வேண்டாம்.

அடைக்க எதைப் பயன்படுத்துவது? குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் பால் வெட்டும் ஊர்க்காரர்களுக்கு ரப்பர் என்றால் இயற்கை ரப்பர்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அது எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். கேனபி விளிம்புக்கு சிலிகோன் அல்லது நியோபிரீன் பட்டை, அசையும் கம்பிகளுக்கு மடிப்புள்ள உறை. ஃபயர்வால் துளைகளுக்குத் தீ தாங்கும் சீலன்ட் மட்டும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிகோன் அங்கே வேண்டாம். உள்பக்கம் ஒட்டும் ஃபோம் எதுவானாலும் ஒரு துண்டை விமானத்திலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்கள். நெருப்பை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் அந்தச் சரக்கு விமானத்துக்கு ஆகாது.

படி 2: உங்களுக்கு எந்த வகைச் சூடு?

எக்ஸாஸ்ட் சூடு மட்டும்தான் வழி என்றில்லை. ரோட்டாக்ஸ் 912 போன்ற என்ஜினில் சிலிண்டர் தலைகளைக் குளிர்விக்க நீர் ஓடுகிறது. அந்தச் சூடான நீரைக் காரில் இருப்பது போன்ற சின்ன ரேடியேட்டர் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவரலாம். கார்பன் மோனாக்சைடு பயம் பெருமளவு குறையும். அதற்குப் பதில் ஹோஸ் வெடித்தால் கொதிக்கும் கூலன்ட் காலில் கொட்டும், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மறையும். அதனால் அடைப்பு வால்வை என்ஜின் பக்கத்திலேயே வைத்து, விமானி உள்ளிருந்து இழுத்து மூடும்படி செய்ய வேண்டும். நீர் குளிர்விப்பு உள்ள என்ஜினாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

மின்சாரத்தில் சூடாகும் சீட், ஜாக்கெட் இரண்டும் நல்லவை. கேபின் முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது சுலபம். ஆனால் மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். 912 என்ஜினோடு வரும் ஜெனரேட்டர் முழு வேகத்தில் தருவது சுமார் 250 வாட். ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், பம்ப், விளக்கு எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு. ஒரு ஜாக்கெட்டுக்கு 50 வாட் என்று வைத்தாலும் இரண்டு பேருக்கு 100 ஆகிவிடும்.

கேம்ப் போடும்போது பயன்படுத்தும் கேஸ் ஹீட்டரைக் கேபினுக்குள் வைப்பது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. நெருப்பு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் குறைவு, மூன்றும் ஒரே பெட்டியில் வரும்.

லைகாமிங், கான்டினென்டல் போன்ற காற்றால் குளிரும் என்ஜின் என்றால் ஹீட் மஃப்தான் நடைமுறை. மீதி வழிகாட்டி அதைப் பற்றியது.

படி 3: எக்ஸாஸ்ட் குழாயில் கைவைக்கும் முன்

மஃப் உறையை நாகர்கோவிலில் ஸ்டெயின்லெஸ் வேலை செய்யும் நல்ல பட்டறை எதிலும் செய்யலாம். எக்ஸாஸ்ட் குழாயை மட்டும் இங்கே செய்யவோ ஒட்டுப்போடவோ வேண்டாம். காரணம் சரக்கு. கைப்பிடிக்கும் கேட்டுக்கும் நம்மூரில் ஓடுவது 202, 304 வகை. விமான எக்ஸாஸ்டுக்குப் பெரும்பாலும் டைட்டேனியம் சேர்ந்த 321 வகையைப் போடுவார்கள். 304 வகை நீண்டநேரம் 450 முதல் 800 டிகிரி சூட்டில் கிடந்தால் உள்ளே குரோமியம் பிரிந்து, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். விமான எக்ஸாஸ்ட் குழாய் நாள் முழுக்கக் கிடப்பது அந்தச் சூட்டில்தான். ஆர்கான் வெல்டிங் செய்பவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் சரக்கின் குணத்தை மாற்ற முடியாது.

பட்டறைகளில் பழக்கத்தால் செய்யும் மூன்று காரியங்களைத் தடுத்து நிறுத்துங்கள். பென்சிலால் குழாயில் கோடு போடக் கூடாது. அதிலுள்ள கார்பன் சூட்டில் உலோகத்துக்குள் இறங்கி அந்த இடத்தை நொறுங்கச் செய்யும். நீல மை போதும். துத்தநாகம் பூசிய கிளாம்ப், ஜிஐ கம்பி, கருவி எதுவும் எக்ஸாஸ்டைத் தொடக் கூடாது. இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷால் ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்க்கக் கூடாது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே துரு தொடங்கும். குளச்சல் பக்கம் போல உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் செய்த பாகம் என்றால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பையில் கட்டி எடுத்துப்போங்கள்.

படி 4: மஃப் செய்வது

உறைக்குள் வரும் குழாய்ப் பகுதியில் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஸ்லிப் ஜாயின்ட், பால் ஜாயின்ட், ஃபிளேஞ்ச் எல்லாம் உறைக்கு வெளியே. முடிந்தால் வெல்டிங் கோடுகூட இல்லாத நேர்க் குழாயைத் தேர்ந்தெடுங்கள். மற்ற எந்தத் தவறையும் பின்னால் திருத்தலாம். இணைப்பின் மேல் மஃப் போட்டால், அந்த இணைப்பு தளரும் நாளில் புகைக்கு நீங்களே கேபின்வரை பாதை போட்டுக் கொடுத்ததாக ஆகும்.

குழாய்க்கும் உறைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி விடுங்கள். உறையைக் கழற்ற முடிய வேண்டும். இரண்டு பாதியாகச் செய்து ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு இறுக்கும் அமைப்பே சிறந்தது. கழற்ற முடியாத உறை உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும்.

உறையின் இரு முனைத் தகடுகளையும் குழாயோடு வெல்டிங் செய்யாதீர்கள். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். உறை அவ்வளவு சூடாகாது. இரண்டையும் பூட்டிவிட்டால் இழுபட்டு விரிசல் விழும். ஒரு முனையாவது வழுக்கி நகர வேண்டும்.

சூடு போதவில்லை என்றால் என்ன செய்வது? குழாயைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பியைத் தளர்வாகச் சுற்றினால் காற்று அதில் மோதிச் சுழன்று அதிகச் சூட்டை வாங்கும். பலர் செய்வது இது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணிப்பதை நான் விரும்புவதில்லை. காற்றோட்டம் தடைபடும், துகள் பிய்ந்து ஹோஸுக்குள் போகும். இரண்டு பக்க எக்ஸாஸ்டிலும் ஒவ்வொரு மஃப் போட்டு, ஒன்றிலிருந்து வரும் காற்றை இன்னொன்றுக்குள் விட்டால் கடுங்குளிரிலும் நன்றாகச் சூடு கிடைக்கும். காற்றைக் குறைத்தால் அதிகம் சூடாகும் என்று நினைத்து ஹோஸைச் சுருக்காதீர்கள். கையில் சூடாகத் தெரியும், ஆனால் கேபினுக்கு வரும் மொத்தச் சூடு குறைந்துவிடும்.

உள்ளே போகும் காற்றை என்ஜின் தடுப்புத் தகட்டின் மேல்பக்கத்திலிருந்தோ நேராக வெளியிலிருந்தோ எடுங்கள். கவ்லிங் எனும் என்ஜின் மூடியின் அடிப்பகுதிக் காற்று வேண்டாம். எண்ணெய் ஆவியும் எக்ஸாஸ்ட் கசிவும் சேர்ந்து சுழலும் இடம் அது.

படி 5: ஃபயர்வாலில் வால்வு

ஹீட்டரை அணைத்திருக்கும்போதும் மஃப் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உறைக்குள் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி ஆயுள் குறையும். எனவே மூடிய நிலையில் சூடான காற்றைக் கவ்லிங்குக்குள் கொட்டிவிடும் வகை வால்வையே போட வேண்டும்.

வால்வுப் பெட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். தொழிற்சாலையில் கட்டும் விமானங்களுக்கான அமெரிக்கத் தரத்தில் ஃபயர்வால் சுமார் 1,100 டிகிரிச் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படிப்பட்ட சுவரில் 5 சென்டிமீட்டர் துளை போட்டு அலுமினிய மூடி வைத்தால் என்ஜினில் தீப்பிடிக்கும் நாளில் அந்தத் துளை வழியாகச் சுடர் நேராகக் காலுக்கு வரும். கிட்டோடு வரும் பெட்டி அலுமினியமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் இழுத்து வால்வு தானே மூடிக்கொள்ள வேண்டும். என்ஜின் தீ வந்தால் ஹீட்டரை மூடுவது செக்லிஸ்டில் முதல் வரிகளில் இருக்கட்டும்.

ஹோஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஃபிலிருந்து வால்வு வரை சிவப்பு நிற ஸ்கேட் ஹோஸ். சிலிகோன் பூசிய கண்ணாடியிழையால் ஆனது, 288 டிகிரி வரை தாங்கும். நியோபிரீன் பூசிய கருப்பு ஹோஸ் 149 டிகிரிக்குத்தான், அது இங்கே ஆகாது. எக்ஸாஸ்ட் குழாயையோ பெட்ரோல் லைனையோ ஹோஸ் தொடக் கூடாது. உள்ளே காற்று வெளிவரும் வாய் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும், காலணியில் நேரடியாக அடிக்க வேண்டாம்.

படி 6: டிடெக்டர்

வீட்டுச் சுவரில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் விமானத்துக்குப் போதாது. அமெரிக்கத் தரத்தில் தயாரான வீட்டு அலாரம் 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) இருந்தாலும் ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை கழித்தே ஒலிக்கும். நமக்கு நிமிடங்களில் தெரிய வேண்டும். குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும், வெளிச்சமும் ஒலியும் தரும் கருவியை வாங்குங்கள். இரைச்சலில் அலாரம் காதில் விழாது. அதனால் விளக்கு கண் எதிரே இருக்க வேண்டும், முடிந்தால் ஹெட்செட்டிலும் ஒலிக்க வேண்டும். நிறம் மாறும் ஒட்டு அட்டையை மட்டும் நம்பிப் பறக்காதீர்கள். பழையதாகிவிட்டால் மாறாது, மாறினாலும் பார்க்கும் ஆளுக்கு அந்நேரம் புத்தி மந்தமாகியிருக்கும்.

தொழிற்சாலையில் கட்டும் விமானங்களுக்கு வரம்பு 20,000 பங்கு காற்றில் ஒரு பங்கு, அதாவது 50 பிபிஎம். நான் அவ்வளவுக்கு விடமாட்டேன். 10 தாண்டி நின்றால் தரையிறங்கிய பிறகு காரணம் தேட வேண்டும், காரணம் தெரியும்வரை ஹீட்டரைத் திறக்கக் கூடாது. 50 என்றால் அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்க வேண்டும்.

படி 7: தரையிலும் வானிலும் சோதனை

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வாக்யூம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தை எக்ஸாஸ்ட் வாயில் பொருத்தி ஊதவிடுங்கள். மஃபைக் கழற்றிவிட்டு, குழாய் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வீட்டில் கேஸ் சிலிண்டர் டியூபைப் பார்ப்பது போலத்தான். ஸ்லிப் ஜாயின்டில் லேசாகக் குமிழி வருவது சகஜம். வெல்டிங்கிலோ குழாய்ச் சுவரிலோ வந்தால் அந்தக் குழாய் கழற்றப்பட வேண்டியது.

அடுத்தது ஓடும் என்ஜினோடு. எதிர்க்காற்றில் நிறுத்தி ஒருமுறை, பின்காற்றில் நிறுத்தி ஒருமுறை எண்களைக் குறியுங்கள். பின்காற்றில் எக்ஸாஸ்ட் புகை முன்னோக்கித் தள்ளப்படும் என்பதால் எண் கூடும். பறக்கும்போது முழு பவரில் ஏறும் நேரமே முக்கியம். அப்போது காற்று-பெட்ரோல் கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக இருக்கும், எக்ஸாஸ்டில் கார்பன் மோனாக்சைடு அதிகம். பிறகு சமவேகப் பறப்பு, ஃபிளாப் இறக்கிய மெதுவான பறப்பு, பவர் குறைத்த இறக்கம். ஒவ்வொன்றிலும் ஹீட்டர் திறந்து, மூடி, வென்ட் திறந்து, மூடி எழுதிக்கொள்ளுங்கள். கையடக்கக் கருவியைக் கால் பக்கமும் லக்கேஜ் பக்கமும் கொண்டுபோய்ப் பாருங்கள். ஹீட்டர் மூடியிருந்தும் லக்கேஜ் பக்கம் எண் அதிகமானால் குற்றவாளி மஃப் இல்லை, வால் பகுதியின் ஓட்டைகள். படி 1-க்குத் திரும்பிப் போக வேண்டும். இந்தச் சோதனைக்கு உடன் ஆள் ஏற்றாதீர்கள்.

அலாரம் அடித்தால்

யோசிக்காமல் செய்யும்படி மனப்பாடமாக இருக்க வேண்டும்: ஹீட்டரை மூடு. முன்பக்க வென்ட் எல்லாவற்றையும் திற. ஆக்சிஜன் இருந்தால் மாட்டு. பவரைக் குறை, கலவையில் பெட்ரோலைக் குறைத்து லீன் செய். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு அருகில் இறங்கு. குளிரும் என்று ஹீட்டரைக் கொஞ்சம் திறந்து வைக்கும் எண்ணமே வரக்கூடாது. கோட்டும் கையுறையும் எப்போதும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். ஹீட்டர் இல்லாமலே ஊர் திரும்பும் உடையோடுதான் கிளம்ப வேண்டும்.

இறங்கியதும் தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மறுபடி கிளம்பக் கூடாது. சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்கும். தலைவலி, வாந்தி உணர்வு, தடுமாற்றம் எது இருந்தாலும் நேராக அங்கே போங்கள். "கார்பன் மோனாக்சைடு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பயணக் களைப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு ஆண்டும்

வருடாந்தரப் பரிசோதனையில் மஃபைக் கழற்றுவது கட்டாயம். குளிர்காலம் தொடங்கும் முன் இன்னொரு முறையும் கழற்றுவது நல்லது. சாம்பல் நிறத்தில் பளபளப்பில்லாத கறை, இணைப்பிலிருந்து நீளும் கருமைக் கோடு, ஓரிடத்தில் மட்டும் உப்பிய சுவர், இவை கசிவின் அடையாளம். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சைலன்சருக்குள் தடுப்புத் தகடு உடைந்திருந்தால் தட்டும்போது கடகடவென்று சத்தம் வரும். ஹோஸில் எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றிவிடுங்கள். வால்வு முழுதாக மூடுகிறதா என்று கேபிளை நம்பாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். டிடெக்டரின் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டி, சோப்புத் தண்ணீர்ச் சோதனையின் முடிவோடு சேர்த்து விமானப் பதிவேட்டிலும் குறித்துவையுங்கள்.